டிரம்முக்குள் வெந்த சோறு

அன்றைக்கு எங்கள் லைன் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ‘என்னை விட்டுட்டியே’ என்று யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று எனக்குப் பயம். நான், என் அம்மா, என் அண்ணன், என்னைப் பெண் பார்க்கத் திருக்கோவிலூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அடுத்த வீட்டுக் கம்மி மாமா. ஆறே பேர். இதில் கம்மி மாமாவை யாரும் கூப்பிடவில்லை.

உலகத்தில் தண்ணீர் ஒரு நாள் தீர்ந்துபோனால் கடைசிச் சொம்பு கம்மி மாமாவிடம்தான் இருக்கும். அதையும் அவர் குடிக்க மாட்டார். அதில் அரிசி களைந்து, களைந்த தண்ணீரில் கால் கழுவி, கழுவிய தண்ணீரை வாழைக்கு விட்டுவிட்டுத் தாகத்தோடு உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட ஆள் கள்ளக்குறிச்சியில் அவருக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அவர் பேரை யாரும் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் ‘கம்மி பண்ணு’ என்பார், அதனால் கம்மி மாமா. ஆளில்லாத அறையில் பல்பு எரிந்தால் அவருக்கு மூச்சு முட்டும். எங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அணைத்துவிட்டுப் போவார். ஒரு தடவை ஆள் இருக்கும்போதே அணைத்துவிட்டார்.

“மாமா, உள்ள நான் கீறேன்!” என்று அண்ணன் கத்தினான்.

“சட்டதானடா மாட்டிக்கினு கீற? அதுக்கு இன்னாத்துக்கு வெளிச்சம்?”

அன்றைக்கு அண்ணன் சட்டையை உள்புறம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போனான்.

லைனில் இருக்கும் ஆண்கள் எல்லாரும் வாழைமரத்தடிக் கல்லின் மேல் நின்றுதான் குளிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். சோப்புக்குத் தடை. கரியாலூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால் கல்வராயன் மலைச் சீயக்காயை மூட்டையாகக் கட்டிவந்து வீட்டுக்கு வீடு கொடுப்பார். “சோப்பு போட்டா வாழப்பழத்துல நொர வரும்” என்று என்னிடம் சொன்னார். நான் எட்டாவதோடு நின்றவள். அதை நம்பிக்கொண்டு இரண்டு வருஷம் வாழைப்பழத்தைக் கழுவித்தான் தின்றேன்.

இவ்வளவுக்கும் அவர் தொழில் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பது! ஓங்கி அடித்தால் தோல் தேய்ந்துவிடும் என்று, பிள்ளையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல அடிப்பார். “சத்தத்த ஏத்துய்யா!” என்று பேண்டு மாஸ்டர் ஊர்வலத்தின் நடுவில் தலையில் அடித்துக்கொள்வார். “கேக்குதில்ல? போதும்” என்பார் இவர்.

அப்படியும் கிழிந்துபோன ஒரு பழைய டிரம் அவர் வாசலில் இருந்தது. அதற்குள் வைக்கோலைத் திணித்து நடுவில் குழி செய்து, மேலே ஒரு பலகை, பலகை மேல் ஒரு சாக்கு. பாதி வெந்த சோற்றுப் பானையை அந்தக் குழிக்குள் இறக்கி மூடிவிட்டால், மீதியை அது அடுப்பில்லாமலே வெந்துகொள்ளும் என்பது அவர் கட்சி. நாங்கள் யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அவரைத் தேடி வருகிறவர்கள் உட்காரும் முக்காலி என்பதுதான் அதற்கு லைனில் இருந்த மரியாதை.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த நாட்கள் அவை. காலையில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்து இறங்கினார்கள். பலகாரம் சாப்பிட்டு முடிப்பதற்குள் அண்ணன் ஓடிவந்தான். ரோடு முழுக்க மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் கிடையாது, கடை கிடையாது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இதற்கு முன்னால் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, ‘வூட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்’ என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. அப்பா இல்லாத வீடு. இந்த இடமும் தவறினால் அம்மா படுத்துவிடுவாள். அதிலும் இந்த மாமியார் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பலகாரம் போதுமா என்று கேட்டதற்கும் தலையைத்தான் ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்றுகூடத் தெரியவில்லை.

மத்தியானச் சோற்றுக்கு உலை வைத்தோம். ஒரு கொதி வந்ததும் மண்ணெண்ணெய் ஸ்டவ் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. டின்னைக் கவிழ்த்தால் சொட்டு இல்லை. விறகுக் கடையும் பூட்டு. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

ஸ்டவ் சத்தம் நின்றால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காதா? கம்மி மாமா வந்தார். “ரோட்ல அத்தினி மரம் கெடக்குது, எல்லாம் பச்ச, எரியாது. போய்ப் பாத்துட்டு புளியங்கொழுந்து மட்டும் பறிச்சிக்கினு வந்தேன்” என்று மடியை அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்தார். பிறகு பானையைத் துணியால் பிடித்து, “கொதி வந்துச்சில்ல? போதும்” என்று தூக்கிக்கொண்டு போனார். அம்மாவுக்குத் தடுக்கத் தெம்பில்லை.

அந்த நேரம் மாமியார் அண்ணனோடு தெருமுனைவரை போய் மறியலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வெயில். கால் வலி. உட்கார இடம் தேடினார். சாக்கு போட்ட டிரம்மைப் பார்த்தார்.

நான் கதவு இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாயைத் திறக்கக் கூடாது. ‘உட்காராதீங்க’ என்று இடுக்கில் கையை மட்டும் ஆட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாது இது? கொதிக்குது?”

“பாத்து பதனமா குந்துங்க சம்மந்தியம்மா. அடியில சோறு கீது” என்றார் கம்மி மாமா.

“சோறா?”

“ஆமாங்க. பலக சரியா மூடல, ஆவி போய்க்கினே இருந்துச்சு. நல்ல வேள, வெயிட்டா நீங்க வந்தீங்க.”

மாமியார் துள்ளி எழுந்தார். “அடப் பாவிங்களா! அன்னத்து மேல என்னக் குந்த வச்சிட்டீங்களே! இது அடுக்குமா?”

அம்மா கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. கம்மி மாமா முதலில் சொம்பைத்தான் நிமிர்த்தினார். அதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. முடிந்தது, இந்த இடமும் போயிற்று, அம்மா இன்றைக்கே படுத்துவிடுவாள் என்று என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, காலையிலிருந்து வாயைத் திறக்காத மாப்பிள்ளை வாழைமரத்துப் பக்கமிருந்து சொன்னார்:

“எம்மா, திரும்பக் குந்து. வேவட்டும்.”

நான் சிரித்துவிட்டேன். லேசாக இல்லை, லைன் முழுக்கக் கேட்கும்படி. அப்புறம்தான் உயிர் போனது. மாமியார் மெதுவாகத் திரும்பிக் கதவு இடுக்கைப் பார்த்தார்.

“ஏ பொண்ணு, இங்க வா. வேவாம போயிடுச்சின்னா இன்னா பண்றது?”

“தெர்லீங்க. எனக்கும் அதான் பயமாக்கீது.”

“எனக்குந்தான்” என்றவர், டிரம்மை ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பவும் அதன் மேலேயே உட்கார்ந்தார். “நவுராம குந்திக்கினு கீறேன். வெந்தா சொல்லு.”

கம்மி மாமா எழுந்திருக்கச் சொல்லும்வரை அவர் அசையவில்லை. பலகையைத் தூக்கியதும் ஆவி அவர் முகத்திலேயே அடித்தது. மாமியார் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். “வெந்துடுச்சி. கொழையல” என்றார். அதுதான் சம்மதம் என்று அண்ணனுக்குக்கூடப் புரிந்துவிட்டது. புளியங்கொழுந்துத் துவையலோடு அத்தனை பேரும் சாப்பிட்டோம். மறுநாள் காலை மாப்பிள்ளை வாழைமரத்தடிக் கல்லில் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு, மரங்களைத் தாண்டித் தாண்டித் தன் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

தை மாதம் கல்யாணம். பேண்டு செட்டில் கம்மி மாமா. ஊர்வலம் கிளம்பியது. ஒரு சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். இன்னொரு செட்டு வந்துவிட்டதோ என்று எனக்குப் பயம். கம்மி மாமாதான்! கையை ஓங்கி, பல்லைக் கடித்து, வேர்வை சொட்ட அடிக்கிறார். “யோவ், கம்மி பண்ணுய்யா!” என்று பேண்டு மாஸ்டரே காதைப் பொத்திக்கொண்டார். மண்டப வாசலில் டிரம்மின் தோல் டமாரென்று கிழிந்தது.

“ஐயோ மாமா, புது டிரம்மாச்சே!” என்றேன், மணப்பெண் பேசக் கூடாது என்பதை மறந்து.

“போவட்டும் வுடு. வைக்கலு நான் கொண்டாந்து தரேன்” என்றார்.

அந்த டிரம் இன்றும் என் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறது. வைக்கோலை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். வைக்கோல் கொண்டுவந்து கொடுத்தவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. எனக்குப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை. பிள்ளைகள் வீடு திரும்ப நேரமானால், ஊரில் ஏதாவது கலாட்டா என்றால், சோற்றுப் பானையை உள்ளே இறக்கிப் பலகையை மூடி, அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்வேன். இளஞ்சூடாக இருக்கும்.