நான்கு சூரியன்களின் சாதகம்

மங்களேஸ்வரியின் விண்கலத்தில் ஒரேயொரு தடவை தரையிறங்க மட்டுமே எரிபொருள் மிச்சமிருந்தது.

கணினி விளையாட்டுத்தான். ஆனாலும் பௌதிகம் படித்தவளை அந்த இடம் ஒரு மாதமாகப் பிடித்து வைத்திருந்தது. இரண்டு சூரியன்கள் ஒன்றையொன்று சுற்றின. தூரத்தில் இன்னொரு சோடி. இரண்டு சோடிகளும் சேர்ந்து இன்னொரு பெரிய சுற்று. அவற்றுக்கிடையில் ஒரு சின்னக் கோள். நான்கு சூரியன் உள்ள கோளில் இரவு வருமா? இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். போகும் பாதையை ஒரு தாளில் கீறி வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு ருக்கியா அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஒனக்கு மூளை இருக்கா? மஹய்யாவ முழுக்க பொலிஸ் குண்டு தேடி வீடு வீடா செக் பண்றாங்க. தமிழ் வீட்டுல மேப்பா?"

"இது விண்வெளி."

"ரெண்டு பக்கமும் வட்டம், நடுவுல கோடு. எனக்கே கட்டுகஸ்தோட்டைப் பாலம் மாதிரித் தெரியுது."

மங்களேஸ்வரி கோட்டை அழித்தாள்.

"இப்ப பாலத்த ஒடச்ச மாதிரி இருக்கு."

குடும்ப உறவுப் படம் போலாக்க, வட்டங்களுக்கு ஆட்களின் பெயர்களை எழுதினாள். ருக்கியா தலையில் கைவைத்தாள்.

"அல்லாஹ்! இப்ப ஆளுகளும் சேர்ந்துட்டாங்க."

கடைசியில் மங்களேஸ்வரி புதுத் தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டாள். நான்கு சூரியன்களும் சூ, செ, வி, ச ஆயின. கோள் சந்திரனானது. பாகைகளை ஓரத்தில் குறித்து, மூலைகளில் மஞ்சள் பூசினாள். பழைய தாள் அடுப்புக்குப் போனது.

மறுநாள் காலை பொலிஸ் வந்தது. அலுமாரியைக் கிளறிய சார்ஜன்ட் மஞ்சளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். தாளை இரண்டு கையாலும் எடுத்துத் தாய் லீலாதேவியிடம் கொடுத்தார்.

"கல்யாணம் எப்ப?" என்று அரைத் தமிழில் கேட்டார்.

"ஆற்றை சாதகமடி உது?" என்றார் லீலாதேவி.

பொலிசுக்கு முன்னால் என்ன சொல்வது? மங்களேஸ்வரி தலையைக் குனிந்தாள். தாய்க்கு அது போதுமாயிருந்தது.

பின்னேரம் லீலாதேவி அந்தத் தாளோடு, சாதகம் பார்க்கும் குண்டசாலைச் சாத்திரியாரிடம் போய்விட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"எட்டுப் பொருத்தமடி! இவ்வளவு காலமும் உன்ர சாதகத்தோடை ஒண்டும் பொருந்தயில்லை. சாத்திரியாரே எழும்பி நிண்டிட்டார். ஆரடி பெடியன்?"

"தாள் எங்கை அம்மா?"

"அவரிட்டை. பெடியன் நேரிலை வந்து வாங்கட்டாம்."

தாள் இல்லாவிட்டால் பாதை இல்லை. கலம் அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். இரவு வருமா என்பது தெரியாமலே போய்விடும்.

"பெடியனே இல்லை, அம்மா. அது என்ர விளையாட்டுக்கான வரைபடம். பொலிசுக்குப் பயந்து சாதகம் மாதிரிக் கீறினனான்."

லீலாதேவி கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"பொய்ச் சாதகம் எப்பிடியடி உன்ர சாதகத்தோடை பொருந்தும்?"

தகப்பன் மகேந்திரராசா முகத்துக்கு முன்னால் பிடித்திருந்த பேப்பரை இறக்கவில்லை.

"பொருந்தாமல்? எண்பத்து மூண்டுக் கலவரத்திலை வீட்டோடை பிள்ளையின்ர சாதகமும் எரிஞ்சு போச்சு. இப்ப இருக்கிறது நான் கீறினது."