மாமா சாப்பிட்டது எந்தக் கப்?

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்காவுக்கு வந்த நல்ல சம்பந்தத்தை நான் பாக்டீரியாவை விட்டுக் கலைக்கப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, அறிவியல் ஆர்வத்தில் செய்தேன். (இரண்டும் ஒன்றுதான் என்பது அக்காவின் கட்சி.)

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. பி.எட். முடித்த சூட்டோடு மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியாராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பார்ப்பதெல்லாம் எனக்கு ஆராய்ச்சிக்கூடமாகத் தெரிந்த காலம். குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, "உப்பு குறைவு என்பது என் கருதுகோள், அம்மா ருசி பார்த்து உறுதி செய்யட்டும்" என்பேன். நான் கூடத்துக்குள் நுழைந்தாலே அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

எட்டாம் வகுப்பில் ஹேமா என்று ஒரு பெண். நுண்ணுயிரிகள் எங்கும் நிறைந்திருக்கின்றன என்று நான் கையை விரித்துப் பேசி முடித்ததும் அவள் எழுந்தாள்.

"கண்ணுக்குத் தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் இருக்குன்னு எப்படி சார் நம்புறது?"

புத்தகத்தில் போட்டிருக்கிறது, உட்கார் என்று சொல்லியிருக்கலாம். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, நம்பாதே, அடுத்த வாரம் கண்ணால் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பாக்டீரியாவைக் கண்ணால் காட்ட வேண்டுமென்றால் சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டும். ஒன்றிரண்டு தெரியாது. கோடிக்கணக்கில் பெருகிக் கும்பலாக உட்கார்ந்தால் வெள்ளையாக, மஞ்சளாகப் புள்ளி தெரியும். அந்தச் சாப்பாட்டைக் கெட்டியாக உறைய வைக்க அகார் என்று ஒரு பொருள் வேண்டும். பள்ளியில் அது கிடையாது. எங்கே கிடைக்கும் என்று தேடிக் கண்டுபிடித்தபோது எனக்குக் குஷியில் தலைகால் புரியவில்லை. அகார் என்பது வேறொன்றுமில்லை, நம் கடல்பாசிதான். ராயப்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது. நோன்பு மாதத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, உறைய வைத்து, மேலே பாதாம் தூவிச் சாப்பிடுகிறோமே, அதேதான். இத்தனை வருடமாக நாங்கள் பாக்டீரியாவின் பந்திச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்ற எண்ணமே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை கோழி வேகவைத்த தண்ணீரை வடிகட்டி, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, கடல்பாசியைக் கரைத்துக் காய்ச்சினேன். கல்யாண வீட்டில் பாயசம் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் கப் பன்னிரண்டில் ஊற்றி மூடினேன். பொன்னிறத்தில் அழகாக உறைந்தது. ஞாயிறு காலை ஆறு கப்பில் மட்டும் காது குடையும் பஞ்சுக்குச்சியால் தடவினேன். ஒன்றில் தெருக்குழாய், ஒன்றில் வாசல் தாழ்ப்பாள், அப்புறம் பஸ் கம்பி, என் போன், அத்தாவின் மூக்குக் கண்ணாடி. ஆறாவது, என் இடது கால் சுண்டுவிரல் இடுக்கு. மற்ற ஆறையும் ஒன்றும் தடவாமல் விட்டேன். இவற்றுக்குக் கண்ட்ரோல் என்று பெயர். தடவாத கப்பிலும் ஏதாவது முளைத்தால் சோதனையிலேயே கோளாறு என்று அர்த்தம். எது எது என்று மார்க்கர் பேனாவால் மூடியின் மேல் எழுதி, பன்னிரண்டையும் பீரோ மேல் வரிசையாக வைத்தேன்.

மூடியின் மேல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலைதான் ஷமீமா அக்காவைப் பெண் பார்க்க அடையாறிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அக்கா பிசியோதெரபிஸ்ட். மூன்று வருடமாக வரன்கள் வந்து, பஜ்ஜி தின்று, ஏப்பம் விட்டுப் போய்க்கொண்டிருந்தன. இந்த மாப்பிள்ளை யூசுபோடு மட்டும் இரண்டு வீட்டார் சம்மதத்துடன் ஒருமுறை போனில் பேசியிருந்தாள். பேசிவிட்டு வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்: "எனக்கு இவரைப் புடிச்சிருக்குடா. நீ ஒன்னும் பண்ணாம சும்மா இரு. அது போதும்."

அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

நான்கு மணிக்கு என்னை சமோசா வாங்க அனுப்பினார்கள். அந்த நேரத்தில் பீரோ மேலிருந்த கப்புகளை அம்மா பார்த்துவிட்டார். அக்கா தானே கடல்பாசி செய்து ஒளித்து வைத்திருக்கிறாள், பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். மூடிகளைக் கழற்றித் தொட்டியில் போட்டு, பன்னிரண்டிலும் பாதாம் சீவித் தூவி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, அதனால் ருசி பார்க்கவில்லை. தட்டில் அடுக்கியபோது அக்கா, அம்மா செய்தது என்று நினைத்துக்கொண்டாள்.

சமோசாப் பொட்டலத்தோடு நான் உள்ளே வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா கையில் கப் இருந்தது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு கரண்டி வாயில் போட்டார். கண்ணை மூடினார், திறந்தார். அமைதியாக முழுக் கப்பையும் முடித்தார். கத்தியிருக்க வேண்டும். ஆனால் என்னவென்று கத்துவது? "மாமா, துப்புங்க, அது என் கால் விரல்" என்றா? அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு யூசுபைப் பார்த்தும் பார்க்காமலும் உட்கார்ந்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அப்போது மாமா கையை நீட்டி இரண்டாவது கப்பையும் எடுத்தார்.

திங்கட்கிழமை பதில் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். நான் சமையலறைக்கு ஓடினேன். காலி கப் ஐந்து. மாமா இரண்டு, மாப்பிள்ளை ஒன்று, அவருடைய அம்மா ஒன்று, எங்கள் அத்தா ஒன்று. மீதி ஏழு. மூடிகளைப் பார்த்தால் ஆறில் என்னென்ன தடவினேன் என்று அழகாகத் தெரிந்தது. எந்த மூடி எந்தக் கப்புக்கு என்பதுதான் தெரியவில்லை.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. (அது வேலை செய்யாத நேரங்களில்தான் வீடு நிம்மதியாக இருக்கும்.) மீதி ஏழையும் மூடி, மறுபடி பீரோ மேல் வைப்பது. சென்னை வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். ஆறில் முளைத்து ஒன்று சுத்தமாக இருந்தால், தடவிய ஆறும் இங்கேயே இருக்கின்றன, அவர்கள் சாப்பிட்டதெல்லாம் சுத்தமான கண்ட்ரோல் என்று ஆகிவிடும்.

அதுவரை சும்மா இருக்க முடியுமா? அத்தாவைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். அவர் குளியலறைக்குப் போனால் நேரம் குறித்தேன். "இன்னாடா, என்னையே பாத்துக்கினு கீற?" என்றார். திங்கட்கிழமை அடையாறுக்கு மூன்று முறை போன் செய்து மாமாவிடம் நலம் விசாரித்தேன். மூன்றாவது முறை அவர், எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான் ஏதாவதா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை போனை எடுக்கவே இல்லை. அவர்களிடமிருந்து பதிலும் வரவில்லை. அக்கா அழவில்லை. இஸ்திரி போட்ட துணிகளையே எடுத்து மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை பார்த்தேன். கப்புகளில் புள்ளிகள் பூத்திருந்தன. அள்ளிக்கொண்டு வகுப்புக்கு ஓடினேன். பிள்ளைகள் மேசையைச் சுற்றி முண்டியடித்தார்கள். மஞ்சள் புள்ளி, வெள்ளைப் புள்ளி, ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஒரு நிமிடம் நான் கவலையை மறந்து நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். ஹேமா மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சார், ஆறுலதானே தடவுனேன்னு சொன்னீங்க? ஏழுலயும் முளைச்சிருக்கே?"

எண்ணிப் பார்த்தேன். ஏழிலும் முளைத்திருந்தது. பாதாம் தூவிய அம்மாவின் கை பன்னிரண்டு கப்பிலும் பட்டிருக்கிறதே, அதை நான் யோசிக்கவே இல்லை. கண்ட்ரோல் போய்விட்டது, சோதனை செத்துவிட்டது. மாமா என்ன சாப்பிட்டார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஹேமாவிடம், நீ சொல்வது சரி, நான் செய்தது தப்பு என்றேன். எட்டாம் வகுப்பிடம் ஒப்புக்கொண்டதை ஏன் அடையாறில் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியது. பள்ளி விட்டதும் குளத்தங்கரை நிறுத்தத்தில் பஸ் ஏறினேன். கம்பியைப் பிடிக்கவில்லை.

மாமாதான் கதவைத் திறந்தார். ஆள் கல்லுக்குண்டாக இருந்தார். ஸலாம் சொன்ன கையோடு, உட்காரக்கூட இல்லாமல், கோழித்தண்ணீரில் தொடங்கி சுண்டுவிரல் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்காவுக்கு இதில் ஒன்றுமே தெரியாது, தண்டனை எனக்கே இருக்கட்டும் என்றும் சொன்னேன். உள்ளே மாமி ஏதோ பாத்திரத்தைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

மாமா உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ உங்க அம்மா சொன்ன மாதிரி அது உங்க அக்கா பண்ணது இல்லியா?"

"இல்ல மாமா. அக்கா கையே படல."

"யா அல்லாஹ். பொண்ணுக்கு இஷ்டம் இல்ல போல, வாயால சொல்ல முடியாம உப்புச் சப்பில்லாத இனிப்பைக் குடுத்துச் சொல்லுதுன்னுல்ல நாங்க நினைச்சோம். யூசுப் மூணு நாளா சரியா சாப்பிடல. அதான் உன் போனைக்கூட எடுக்கல, என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம."

அக்காவுக்குத்தான் அவரை ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். அப்புறம் என்னால் அடக்க முடியாத கேள்வி ஒன்று இருந்தது. அவ்வளவு மோசமாக இருந்ததை ஏன் இரண்டாவது தடவையும் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"முப்பது வருஷம் மீட்டர் பாத்தவன் தம்பி நான். கணக்கு விபரீதமா தெரிஞ்சா இன்னொரு தரம் பாக்காம எழுத மாட்டேன். ஒரு பொண்ணைப் பத்தி ஒரே கப்பை வெச்சு முடிவு பண்ணலாமா?"

பி.எட். படித்த நான் ஒரே தடவை, மூடியில் பெயர் என்று செய்து கெடுத்த சோதனையை, அவர் என் கண்ணெதிரிலேயே வாயை வைத்து இரண்டு தடவை முறையாகச் செய்திருந்தார். அன்றிரவே சம்மதம் என்று போன் வந்தது. அக்கா முதலில் சிரித்தாள், பிறகு விஷயம் தெரிந்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்தினாள்.

ஒன்பது வருடம் ஓடிவிட்டது. என்னிடம் படிக்கும் பிள்ளைகள் கப்பின் அடியில்தான் பெயர் எழுதுவார்கள், ஏன் என்று அவர்களுக்குக் கதையோடு தெரியும். பெருநாளுக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா பாலும் சர்க்கரையும் தாராளமாக விட்டுக் கடல்பாசி செய்வார். மாமா கப்பை வாங்கி, தலைக்கு மேலே தூக்கி, அடிப்பக்கத்தை உற்றுப் பார்ப்பார். வீடே கூடி எட்டிப் பார்க்கும்.

"தம்பி, இது கண்ட்ரோலா, கால் விரலா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அதை முடித்துவிட்டு, அடுத்த கப்புக்குக் கையை நீட்டியிருப்பார்.