மூன்றாம் கேள்விக்குப் பதினேழு

ஐம்பத்துமூன்றாம் வயதில் எம்.ஏ. படிப்பதென்று வைத்தியலிங்கம் முடிவெடுத்தார். கல்வியின் மேல் வந்த ஆசையல்ல. ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டின் மேல் வந்த வெறுப்பு. வாரம் ஆறு நாள் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை எடை போடுகிற மனுஷன், ஏழாம் நாள் மத்தி மீனின் எடையையும் பார்த்து நிற்க வேண்டுமா?

மனைவி அல்லி நிபந்தனையோடு சம்மதித்தாள். முதல் அசைன்மென்ட்டில் பாஸானால் மார்க்கெட்டிலிருந்து ஆயுளுக்கும் விடுதலை. ஃபெயிலானால் மீன் வாங்குவதோடு ஆய்வதும் அவரே.

அஞ்சல்வழியில் சேர்ந்தார். அடையாள அட்டையை, வருகிறவர் கண்ணில் படும்படி டி.வி. பக்கத்து ஆணியில் மாட்டினார். அசைன்மென்ட்டும் அனுப்பினார்.

மார்க் வந்துவிட்டதாக உடன் படிக்கும் அஜ்மீர் போனில் சொன்னான். அல்லிக்குத் தெரியுமுன் பார்த்துவிட வேண்டும். இணையதளத்தில் பதிவெண்ணைத் தட்டினார். 'உங்கள் கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டது.'

அவர் கைப்பேசி மௌனமாக இருந்தது. சமையலறையில் ஒன்று சிணுங்கியது. கேஸ், ரேஷன் என்று எல்லாவற்றுக்கும் அல்லியின் நம்பரையே எழுதிப் பழகிய கை, விண்ணப்பத்திலும் அதையே எழுதியிருந்தது.

"அல்லி, கேஸ்காரங்க ஒரு நம்பர் அனுப்பியிருப்பாங்க. சொல்லேன்."

"சிலிண்டர் நேத்துதானேங்க வந்துச்சு?"

"வந்துச்சான்னுதான் கேக்குறாங்க."

"ரொம்ப அக்கறையான கம்பெனி. எழுதிக்குங்க, நாலு ஏழு ரெண்டு ஒம்போது ஒண்ணு ஆறு."

திறந்தது. நூற்றுக்கு முப்பத்தொன்று. பாஸுக்கு நாற்பது. கீழே ஆசிரியரின் கருத்து: 'மூன்றாம் விடை மிகத் தெளிவு, இருபதுக்குப் பதினேழு. மற்ற நான்கும் கேள்விக்குத் தொடர்பில்லாதவை.'

மூன்றாவது, ஊராட்சியில் பெண்களின் பங்கு. அன்று மணிக்கட்டு வலி என்று அவர் படுத்துக்கொள்ள, அல்லி எழுதியது. முப்பத்தொன்றில் பதினேழு போனால் மீதி பதினாலு. நாலு கேள்விக்கு! இத்தனை வருஷம் இந்த வீட்டில் தான் பேசிய பேச்செல்லாம்கூடக் கேள்விக்குத் தொடர்பில்லாததுதானோ?

அல்லி வாசலில் நின்றாள். "என்னங்க, மார்க் வந்துருச்சா?"

"எழுபத்தொண்ணு!"

"அடேயப்பா. மூணாவது கேள்விக்கு?"

"அதுலதான் கொஞ்சம் குறைச்சுட்டாங்க. நீ எழுதினதாச்சே."

"பதினேழுன்னு போட்டிருந்துச்சே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பதிவெண்ணு ஆணியில தொங்குது. ஓ.டி.பி. எனக்குத்தான் வருது. முந்தாநாளே பாத்துட்டேன். நீங்க எத்தனை சொல்லுவீங்கன்னு பாக்கத்தான் காத்திருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை. மீன் கூடையோடு அவர் கிளம்பும்போது, அவருடைய மேஜையில் உட்கார்ந்து அல்லி எதையோ நிரப்பிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தார். எம்.ஏ. விண்ணப்பம். கைப்பேசி எண் என்ற கட்டத்தில் அவருடைய நம்பர்.

"ஓ.டி.பி. வந்தா உடனே சொல்லுங்க. கேஸ்காரங்கன்னு நெனச்சு விட்டுடாதீங்க."