பெண் கேட்கப் போன மண் டின்

சில பேருக்கு ஒன்றும் தெரியாது. அது அவர்களுக்கே தெரியும். எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த விஷயம் எனக்குத் தெரியாது.

ஜொகூர் பாருவில் எட்டாவது மாடி வீடு. ஜன்னலோரம் ஏழு தொட்டிச் செடிகள் வைத்திருந்தேன். கடையில் விற்கும் மண் எனக்குப் பிடிக்காது (மூன்று வீடியோ பார்த்தவனுக்கு எதுதான் பிடிக்கும்?). தேங்காய் நார்த்தூள், கருக்கிய உமி, மக்கிய இலை, கொஞ்சம் கோழி எரு எல்லாவற்றையும் குளியலறையில் கொட்டி, தண்ணீர் தெளித்துப் பிசைந்து நானே கலவை தயாரித்தேன். மிச்சத்தை எங்கே வைப்பது? அம்மா முறுக்கு சுட்டால் காலி பிஸ்கட் டின்னில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுவார். காற்றுப் புகாது, முறுக்கு நமுத்துப் போகாது. முறுக்குக்கு நல்லது மண்ணுக்கு ஆகாதா என்ன? நானும் ஈரக் கலவையை ஒரு டின்னில் அடைத்து, டேப் ஒட்டி, ஸ்டோர் ரூமில் அம்மாவின் டின்களோடு வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, சரளாவின் ஊரான காஹாங்குக்குப் பெண் கேட்கப் போனோம். அவளும் நானும் ஒரே ஆபீஸ். "அப்பா வேணாம்னா வேணாம்தான்" என்று அவள் முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள். அவள் அப்பா, செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கன்று வளர்க்கும் பகுதியை முப்பது வருஷம் பார்த்துக்கொண்டவர்.

"ஸ்டோர்லேர்ந்து ஒரு முறுக்கு டின் எடுத்துக்கடா," என்றார் அம்மா. எடுத்தேன். நல்ல கனம். அம்மா தாராளமாகப் போட்டிருக்கிறார் என்று பெருமையாக இருந்தது.

சரளாவின் அம்மா தட்டோடு வந்து டேப்பைக் கிழித்தார். முதலில் வந்தது வாடை. அடைத்த சாக்கடையைத் திறந்ததுபோல் கூடம் முழுக்கப் பரவியது. உள்ளே கறுப்பு மண், மேலே வெள்ளைப் பூசணம்.

"அலமாக்! இது என் டின்னே இல்ல," என்று என் அம்மா முணுமுணுத்தார்.

டின் மாறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் தன்னம்பிக்கைக்காரன் ஆயிற்றே.

"அங்கிள், இது உங்களுக்குன்னே கொண்டாந்தேன். ஸ்பெஷல் மண். வீட்டுக்குள்ள வைக்கிற செடிக்கு. இந்த வாடைதான் சத்து."

சரளாவின் அப்பா டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

"தம்பி, ஈரத்தோட மூடிட்டீங்களா?"

"ஆமா அங்கிள். ஃப்ரெஷ்ஷா இருக்கணும்ல."

"அழுகிப் போச்சு லா. இதுல புல்லுகூட மொளைக்காது." என் முகத்தையே பார்த்தார். "சரி, முறுக்கு எங்க?"

"வீட்ல இருக்கு அங்கிள்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சரளா முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணம் கைநழுவிவிட்டது என்றே நினைத்தேன். நிஜமாகவே எனக்கு அழுகை வந்தது.

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு வந்து மகளைப் பார்த்தார். "இவருக்குப் பொய் சொல்ல வராதும்மா. ஒரு கேள்விக்கே தாங்கல. பயப்படாம கட்டிக்க."

இப்போதெல்லாம் கலவையை நன்றாகக் காயவைத்து, காற்றோட்டமாகச் சாக்கில் கட்டி வைக்கிறேன். அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. தீபாவளி தவறாமல் மாமனார் வீட்டுக் கூடத்துக்கு முறுக்கு டின் வரும். எல்லோரும், என் பிள்ளைகள் உட்பட, மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பார்கள்.

"மாப்பிள்ள, மொதல்ல நீங்க மோந்து பாருங்க," என்பார் மாமனார்.

நான் டேப்பைப் பிரித்து, குனிந்து மோந்து, "முறுக்குதான்" என்று சொன்ன பிறகுதான் யாரும் கையை நீட்டுவார்கள்.