நானூற்றுப் பன்னிரண்டு நெற்றிகள்

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்யாது, நாம் சொன்னதைத்தான் செய்யும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் சொன்னது என் மாமாவின் மூக்கைப் பற்றி மட்டும். அது செய்ததோ இரண்டு குடும்பத்துச் சுமங்கலிகளையும் ஒரே அமுக்கில் பாழ்நெற்றியாக்கியது.

என் தங்கை வித்யாவுக்கும் பாலிகஞ்ச் வங்காளிப் பையன் அனிர்பனுக்கும் கல்யாணம். நாங்கள் மூன்று தலைமுறையாக லேக் கார்டன்ஸில் இருந்தாலும் வெங்காயத்துக்கே யோசிக்கிற வீடு. அவர்கள் வீட்டில் ஒருநாள் மீன் இல்லை என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அம்மா ஆறு மாதம் சரியாகத் தூங்கவில்லை. சம்பந்தியம்மாவின் நெற்றியில் எட்டணா அகலத்துக்குப் பொட்டையும், வகிடு நிறையச் சிந்தூரத்தையும் பார்த்த பிறகுதான் சமாதானமானாள்.

"குங்கும விஷயத்துல அவா நம்மளைவிடக் கறார்டா" என்றாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது அந்தச் சிவப்பு ஒன்றுதான். அதில்தான் நான் கை வைத்தேன்.

போட்டோகிராபர் படங்களைக் கொடுத்ததும், ஆல்பத்துக்கு முன்னால் அவற்றைச் சரிசெய்யும் வேலையை முந்திரிக்கொட்டை மாதிரி நானே ஏற்றுக்கொண்டேன். (ஒருவரும் கேட்கவில்லை.) கேட்டது சுந்தரம் மாமா மட்டும், அதுவும் ஒரே ஒரு படத்துக்கு. வித்யாவைத் தோளில் தூக்கி மாலை மாற்ற வைத்த தாய்மாமன் அவர். அன்றைக்கென்று பார்த்து அவர் மூக்கு நுனியில் ஒரு கட்டி.

"அந்தக் கட்டியோட ஆல்பம் வந்துதுன்னா நான் பாலிகஞ்ச் பக்கமே தலைகாட்ட மாட்டேன், சொல்லிட்டேன்!"

மாமா வித்யாவைத் தூக்கி நிற்கும் படத்தைத் தேடிப் பிடித்துத் திரையில் பெரிதாக்கியபோது வித்யா போன் செய்து மொத்தம் எத்தனை படம் என்று கேட்டாள். எண்ணுவதற்காகக் கண்ட்ரோலையும் ஏ-வையும் சேர்த்து அழுத்தினேன். எல்லாப் படங்களும் தேர்வாகி, கீழே 412 என்று வந்தது. சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். தேர்வை நீக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஏன் தோன்றும்? திரை முழுக்க மாமாவின் முகம் மட்டும்தானே இருந்தது! மற்ற நானூற்றுப் பதினொன்றும் ஓரத்தில் பட்டாணி அளவில் வரிசையாக நின்றுகொண்டிருந்தால் அது என் குற்றமா?

'முகத்து மாசு நீக்கு' என்ற பட்டனை அமுக்கினேன். "அப்ளை டு 412 போட்டோஸ்?" என்று அது கேட்டது உண்மை. சற்றுமுன் வித்யாவிடம் நானே சொன்ன எண் என்பது மறந்து, 412 என்பது மாமா படத்தின் நம்பர் என்று நினைத்துவிட்டேன். கடைசியில் இருந்த அந்த 'ஸ்' என் கண்ணில் படவில்லை. ஒரு குடும்பத்தின் மானம் ஓர் ஒற்றெழுத்திலா தொங்க வேண்டும்? சிவப்பில் கொட்டை எழுத்தில் அல்லவா கேட்டிருக்க வேண்டும்!

மாமாவின் மூக்கு வழவழவென்று ஆனது. மகிழ்ச்சியோடு சேமித்தேன். லேப்டாப்பில் இடமில்லாததால் பழைய படங்களின் மேலேயே சேமித்தேன். போட்டோகிராபரோ தன்னிடம் இருந்ததை ஏற்கெனவே அழித்துவிட்டார். மறுபடி ஒருமுறை புரட்டிக்கூடப் பார்க்காமல் டாலிகஞ்சில் ஆல்பம் போடக் கொடுத்தேன். அழகாகச் சுற்றி ரிப்பன் கட்டித் தந்தார்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன்.

மாஷிமா (அனிர்பனின் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு ஆல்பத்தைத் திறந்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கத்தில் தன் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஆமார் ஷிந்தூர் கோத்தாய்?"

என் சிந்தூரம் எங்கே என்கிறார். எட்டிப் பார்த்தேன். வகிடு வெள்ளை வெளேரென்று இருந்தது. பொட்டும் இல்லை. என் அம்மா நெற்றி, வித்யா நெற்றி, அத்தைகள் நெற்றி எல்லாம் துடைத்துவிட்ட சிலேட்டு. அப்பாவின் விபூதியைக்கூட விடவில்லை. ஆனால் மாமா பக்கவாட்டில் நிற்கும் படங்களில் மட்டும் அந்தக் கட்டி ஜம்மென்று இருந்தது! நிஜமான மாசு அது ஒன்றுதான். அதை மூக்கின் பாகம் என்று மரியாதையாக விட்டுவைத்திருந்தது. பொட்டு மாசு என்று அந்த மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்த மகானுபாவனை நான் நேரில் பார்க்க வேண்டும்.

மாஷிமாவின் கணவர் பேப்பருக்கு மேலாகப் பார்த்து, "நான் இன்னும் உயிரோடுதானே இருக்கிறேன்?" என்று வங்காளியில் நிதானமாகக் கேட்டார்.

நான் விளக்க முயன்றேன். அதுதான் அன்றைய இரண்டாவது பேரழிவு. "கம்ப்யூட்டர் ஷப் தாக் முச்சே தியேச்சே, மாஷிமா" என்றேன். கம்ப்யூட்டர் எல்லாக் கறையையும் துடைத்துவிட்டது.

"ஷிந்தூர் தாக்?" என்றார் மாஷிமா. சிந்தூரம் கறையா?

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஒரு பட்டனை அமுக்கி எல்லாருக்கும் அச்சானியம் பண்ணிட்டியேடா! எழுந்திரு, போலாம். இனிமே இந்த வாசல்ல எந்த முகத்தோட நிப்பேன்?" வித்யாவை இந்த வீட்டில் இனி என்ன சொல்வார்களோ என்று எனக்கும் பயம் வந்தது. இத்தனைக்கும் காரணமான அந்த மென்பொருள் மட்டும் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மாஷிமா எழுந்து உள்ளே போனார். தொலைந்தோம் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் சிந்தூரச் சிமிழும் இரண்டு தீக்குச்சிகளும் இருந்தன. தரையில் ஆல்பத்தை விரித்து, "திதி, போஷுன்" என்று அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். வகிடெல்லாம் மாஷிமா, நெற்றியெல்லாம் அம்மா. காய்கறிக் கடையில் பேரம் பேச மட்டுமே போதுமாயிருந்த அம்மாவின் வங்காளி அன்று சாயங்காலத்துக்குள் அருவியாகிவிட்டது. பேசியது முழுக்க என்னைப் பற்றித்தான். மாஷிமாவின் கணவர் ஒயிட்னர் கொண்டுவந்து, அப்பாவுக்கு மூன்று கோடு விபூதி போட்டார். நான் உதவிக்குக் கை நீட்டியபோது இரண்டு சம்பந்தியும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள். ஒருத்தி தமிழில், ஒருத்தி வங்காளியில்.

அதன்பிறகு அவர்கள் இருவரும் என்னைக் கேட்காமலேயே சிநேகிதிகளாகிவிட்டார்கள். எனக்குத்தான் மன்னிப்பு இல்லை. நான் போனைத் தூக்கினால் போதும், இரண்டு வீட்டுப் பெண்களும் சடாரென்று உள்ளங்கையால் நெற்றியை மூடிக்கொள்கிறார்கள். வித்யாவின் மூன்று வயது மகளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. படம் எடுக்கும்போது அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் பள்ளிக்கூட அட்டைக்கு எடுத்த படத்திலும் நெற்றியில் கையோடு நிற்கிறாள். பிள்ளைக்கு அடிக்கடி தலைவலி வருமா என்று டீச்சர் கேட்டு அனுப்பியிருக்கிறார்.