கொசுவலைக்குள் கிலுகிலுப்பை

எதையாவது "நான் பத்திரமா பாத்துக்கறேன்" என்று வாயைத் திறந்தால் போதும், எங்கள் வீட்டில் அந்தப் பொருளை உடனே என் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஏழு வருடத்துக்கு முன்னால் என் மனைவியின் முதல் விதை ஆர்டரை நான் காப்பாற்றிய லட்சணம் அப்படி.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் இடம் சும்மா கிடந்தது. கௌரி அதில் கிலுகிலுப்பை விதைத்தாள். ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்து, காய்ந்த காயை ஆட்டினால் கலகலவென்று சத்தம் போடுமே, அதே காட்டுச்செடிதான். தெருவே சிரித்தது (நானும் சிரித்தேன், சமையலறைக்குக் கேட்காத தூரத்தில்). ஆனால் கம்பெனிகளுக்குத் தோட்டம் போட்டுத் தரும் நர்சரிக்காரர் ஒருவர், நாட்டுப் பூச்செடி விதைதான் வேண்டுமென்று அவளைத் தேடி வந்து ஆர்டர் கொடுத்தார்.

செடி பூத்துக் குலுங்கிய நேரம் பார்த்து அவளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. முடிந்ததும் குன்றத்தூருக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். கை நிறைய வளையலோடு எனக்குக் கடைசி வகுப்பு எடுத்தாள்.

"ஓட்டை வுழுந்த காய்ல புழு இருக்கும். கிள்ளி சோப்புத் தண்ணில போடு. வேப்பெண்ணெய் அடிக்கிறதுன்னா தேனீ வூட்டுக்குப் போனப்புறம், பொழுது சாய அடி. அவ்ளோதான். புதுசா எதுவும் பண்ணாத, இன்னா?"

யாரிடம் சொல்கிறாள்? நான் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சிறந்த யோசனைக்காக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன். தப்பு வந்தபிறகு பொறுக்குவது வேலையில்லை, வரவே விடக்கூடாது என்று லைனில் தினமும் முழங்குகிறவன்.

மூன்றாம் நாள் ஒரு காயில் ஓட்டை. பக்கத்திலேயே வெள்ளை இறக்கையில் சிவப்புப் புள்ளி வைத்த அந்துப்பூச்சி ஒன்று, மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. இது போடும் முட்டைதான் புழுவாகிறது. உள்ளே விட்டால்தானே முட்டை போடும்? மூளை பளிச்சென்று எரிந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த என் ஷிஃப்ட் நண்பர்களிடம் கொசுவலை வசூலுக்குப் போனேன். திருநெல்வேலிக்காரன் முருகானந்தம், "ஏல, எங்களைக் கொசு கடிக்கலாம், ஒம் பொண்டாட்டி செடியப் பூச்சி கடிக்கப்படாதோ?" என்று கேட்டுக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தான். (அந்த வாரம் பாதி லைன் முகம் தடித்து வேலைக்கு வந்தது. சூப்பர்வைசர் கேன்டீன் சாம்பாரைச் சந்தேகப்பட்டார்.)

இரண்டு நாள் லீவு போட்டு, எல்லா வலையையும் கையாலேயே தைத்து இணைத்தேன். குச்சி நட்டு, தோட்டம் முழுக்கப் போர்த்தி, ஓரத்தில் செங்கல் வைத்தேன். கௌரி போனில் கேட்டபோதெல்லாம் "சூப்பரா கீது" என்று மட்டும் சொன்னேன். நேரில் பார்த்து அசரட்டும் என்று ஆசை. மூன்றாவது வாரம் வாய் அடங்கவில்லை.

"ஒரு பூச்சி கிட்ட வரல, தெரியுமா?"

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணே ஒண்ணுகூட!"

டக்கென்று போனை வைத்துவிட்டாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வாசலில் ஆட்டோ. இடுப்பில் கை வைத்தபடி மெதுவாக இறங்கி, நேராகப் பின்பக்கம் போனாள்.

"இன்னாய்யா இது?"

"வலை."

"வண்டு வந்து உக்காந்தாதானே பூவு காயாவும்? ஒண்ணையும் வுடலன்னா காய் எங்கேந்து வரும்?"

அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பூவெல்லாம் காயாகாமலே உதிர்ந்து தரையில் கிடந்தது. முதலிலேயே பிடித்திருந்த நாலைந்து காயிலும் புழு. வலை போடுமுன்பே அந்துப்பூச்சி முட்டையிட்டுவிட்டது. குருவியும் குளவியும் வந்து புழுவைத் தூக்காதபடி நான் காவல் வேறு போட்டு வளர்த்திருக்கிறேன்!

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, "மொத ஆர்டர்யா" என்றாள், அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்றிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வலையை இழுத்துப் பார்த்தாள்.

"இவ்ளோத்தையும் நீயா தச்ச?"

"ம்." ஊசி குத்திய விரல்களைப் பின்னால் மறைத்தேன். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உள்ள உதைக்குதுய்யா. உன் புள்ளையும் சிரிக்குது. போ, வலைய எடு."

எடுத்தேன். அவள் சொன்னபடி கொழுந்துகளைக் கிள்ளினேன். நர்சரிக்காரருக்கு அவளே போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொல்லி அவகாசம் வாங்கினாள். (அவர் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது.) செடி கிளைத்து மறுபடி பூத்தது. கருவண்டுகள் ரீங்காரம் போட்டு வந்தன, பின்னாலேயே அந்துப்பூச்சியும் வந்தது. தினமும் ஓட்டைக் காயைக் கிள்ளினேன், புதுசாக எதையும் யோசிக்கவில்லை. சொன்னதைவிடக் குறைவாகத்தான் விதை கொடுத்தோம். ஆனாலும் அவர் அடுத்த ஆர்டரும் கொடுத்தார். அந்த விளைச்சலில் ஒரு காய்ந்த கொத்தை ஆட்டிக் காட்டியபோதுதான் எங்கள் மகள் முதன்முதலாகச் சிரித்தாள்.

இந்த ஜூனில் அவள் முதல்முறை ஸ்கூல் வேனில் ஏறினாள். அதுவரை நான்தான் பைக்கில் விடுவேன். மாஸ்க், ரெயின்கோட், இரண்டு தண்ணீர் பாட்டில் எல்லாம் மாட்டி அனுப்பினேன். வேன் நகர்ந்ததும், சும்மா பின்னாலேயே ஸ்கூல் வரைக்கும் போய்விட்டு வரலாமே என்று பைக்கை ஸ்டார்ட் செய்தேன்.

கேட்டிலிருந்து கௌரி கத்தினாள். "யோவ், வலைய எடு!"

கதை தெரிந்த மகள் வேன் ஜன்னலில் தலையை நீட்டி, "அப்பா, வலை!" என்று சிரித்தாள்.

வண்டியை ஆஃப் செய்தேன்.