கம்ப்யூட்டருக்கு வெள்ளையடித்தேன்

"வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஊட்டுக்கு வாங்க சகலை. என் கம்ப்யூட்டர்ல மெமரி நூறுக்குக் குறையாம ஓடும். ஓடலைன்னா உங்க கண்ணு முன்னாலயே இந்த மீசையை எடுத்துப்போடறேன்!"

போனில் இப்படி முழங்கினது நானேதானுங்க. பேரு லட்சுமணசாமி. எனக்கு நாப்பத்தஞ்சு வயசு, மீசைக்கு இருபத்தாறு. கணபதியில ஒரு பம்ப்செட் கம்பெனியில தரம் பாக்கற வேலை. நாள் முழுக்க மோட்டாருங்க மேல 'ஆகாது'ன்னு சீட்டு ஒட்டுவேன். ஊட்டுக்கு வந்தா என் மேல அந்தச் சீட்டை ஒட்டறதுக்குப் பொற்கொடி இருக்கா. என் சம்சாரம். எங்க பக்கத்துப் பொம்பளைங்க தலையில குட்டறதா இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் குட்டுவாங்க.

சகலைங்கறது பொற்கொடியோட அக்கா புருஷன், அன்னூர் மருதாசலம். தறி ஓட்டறார். சொந்தத்துல முதல் முதலாக் கம்ப்யூட்டர் வாங்கினது அவருதான். தொண்ணூத்தெட்டுல வாங்கினார். அன்னியிலிருந்து கல்யாணம், காதுகுத்து, எழவு எங்கே பாத்தாலும், "நம்ம மெமரி அறுபத்தாறுல ஓடுதுங்க சகலை"ம்பார். ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். தொண்ணூத்தொம்பதுல நூறுல ஓடற மெமரி வந்துச்சு. உட்டுடுவனா? வாங்கிப்போட்டேன்.

மெமரின்னா ஒண்ணுமில்லீங்க. பச்சை நெறத்துல ஒரு பட்டை. கம்ப்யூட்டருக்குள்ள சொருகியிருக்கும். அது என்ன வேகத்துல ஓடுதுன்னு, ஆன் பண்ணினதும் கறுப்புத் திரையில ஒரு வரி காட்டும். போத்தனூர் பிரான்சிஸ்தான் மெஷினை மாட்டிக் குடுத்தார். நூறு பட்டையைச் சொருகிட்டு அவர் போனதுக்கப்புறம் பாத்தேன். பக்கத்துலயே இன்னொரு குழி காலியாக் கெடந்துச்சு. கம்பெனியில கழிச்சுப்போட்ட மெஷின்ல இருந்து கேட்டு வாங்கின பழைய அறுபத்தாறு பட்டை ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. எடுத்து அதுல சொருகினேன்.

கணக்கைப் பாருங்க. நூறும் அறுபத்தாறும் எத்தனை? நூத்தி அறுபத்தாறு! பிரான்சிசுக்கே தோணாத ரோசனைங்க அது. சகலைகிட்ட நூறுன்னு அடக்கமாச் சொல்லிவெச்சு, நேர்ல நூத்தி அறுபத்தாறைக் காட்டி அந்த ஆளைச் சாய்ச்சுப்போடோணும். அதனால யாருகிட்டயும் மூச்சு விடலை. நான் சொருகறப்ப பொற்கொடி மட்டும் பக்கத்துல நின்னு அவரைக்காய் உரிச்சுட்டு இருந்தா. அவளுக்கு என்ன தெரியப்போகுது!

சகலைக்குச் சவால் உட்டு, போனை வெச்சுட்டு வந்து ஆன் பண்ணினேன். திரையில வந்துச்சு: 66.

கண்ணைத் தொடைச்சுட்டுப் பாத்தேன். 66தான். கை தானா மீசைக்குப் போச்சு.

பட்டையைக் கழட்டி, ரப்பர் வெச்சு அதோட மஞ்சப் பல்லெல்லாம் தேய்ச்சேன். 66. இந்தக் குழியில இருந்தது அந்தக் குழிக்கு, அதுல இருந்தது இதுக்கு. 66. உள்ளே செட்டிங்ல போய் நூறுன்னு அடிச்சேன். பேங், பேங், பேங்னு மூணு தரம் கத்திப்போட்டுப் படுத்துக்கிச்சு. அதை எழுப்பறதுக்குள்ள எனக்கு ரெண்டு சட்டை நனைஞ்சுபோச்சு. எந்திரிச்சு, மறுபடியும் 66ங்குது! ஒரு பட்டையைக் கழட்டி வெச்சுட்டுப் பாக்கலாமேன்னு நீங்க நினைப்பீங்க. நூத்தி அறுபத்தாறு கேக்கறவன் கையில இருக்கறதைக் கழட்டுவானுங்களா?

பிரான்சிசுக்குப் போன் போட்டா, ஈரோடு போயிட்டாராம். வந்ததும் கூப்பிடச் சொல்லிட்டு வெச்சேன்.

செவ்வாய்க்கிழமை காப்பியோட பொற்கொடி வந்தா.

"ஏனுங்க, மூஞ்சி வாடியிருக்குதுங்களே?"

"மெமரி இழுக்குது புள்ள. ஏன்னு தெரியலை. பிரான்சிஸ் கூப்பிட்டாரா?"

"அவருக்கு எத்தனையோ சோலிங்க. எனக்கு என்னங்க தெரியும்... தூசு கீசு இருக்குமோ என்னமோ."

"தூசா?"

"நான் ஒரு மடைச்சி. வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டேன். நீங்க படிச்சவங்க."

படிச்சவன் ரோசனை பண்ணினேன். மெஷினுக்குள்ள தூசு எங்கிருந்து வருது? இந்த ரூம்ல இருந்து. ரூமுக்கு? ஊட்டுல இருந்து. நான் கண்டுபிடிச்சதை நானே மெச்சிக்கிட்டு, தலையில துண்டைக் கட்டி, மூங்கில் குச்சியில தொடப்பத்தைக் கட்டி, ஊடு மொத்தம் ஒட்டடை அடிச்சேன். ஃபேன் றெக்கை, பரண், சாமி படத்துக்குப் பின்னால, ஒரு எடம் பாக்கியில்லை. பரண் மேல இருந்து எங்க கல்யாணத்து ஜமுக்காளம் ரெண்டா விழுந்துச்சு. எலி.

66.

புதன்கிழமை நானே முந்திக்கிட்டேன். "கரண்டு பத்தலை புள்ள! உன் கிரைண்டரும் என் மெஷினும் ஒரே லைன்ல இருக்குது. நீ ஆட்டற மாவுல என் வேகம் கரைஞ்சுபோகுது."

"அய்யோ, என்னாலயா? அப்ப கிரைண்டரைப் பின்னாடி தாழ்வாரத்துக்கு மாத்திப்போடலாமுங்களா? தனியா ஒரு லைன் இழுத்து?"

நாலு வருஷமா அவ கேட்டுட்டிருந்தது அதேதானுங்க. நாலு வருஷமும் எனக்கு இடுப்பு வலி. அன்னிக்கு இடுப்பு என்ன ஆச்சுன்னே தெரியலை. லைனும் இழுத்து, கிரைண்டரையும் கட்டித் தூக்கிட்டுப் போய் வெச்சுட்டேன். தரையிலயே நகர்த்திட்டுப் போயிருக்கலாம். வீம்புக்குத் தூக்கினேன்.

66.

வியாழக்கிழமை அவ பெருமூச்சு விட்டா. "இந்த ரூம்ல சூடு தாங்கலைங்க. செவுரெல்லாம் பாசி புடிச்சுக் கறுத்துக் கெடக்குது. கறுப்புச் சூட்டை இழுக்கும்பாங்க. மனுசருக்கே முடியலை, பாவம், அதுக்கு எப்படீங்க ஓட முடியும்?"

எனக்குப் பளிச்சுன்னுச்சு! சூடுதான்! எங்க கம்பெனி மோட்டாரே சூடானாத் தெணறும். வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். சுண்ணாம்பு, மட்டை, ஏணி. ரூமுக்கு அடிச்சேன். பக்கத்து ரூம் சூடு இங்கே வருமேன்னு அதுக்கும் அடிச்சேன். சமையக்கட்டுலதானே சூடே சாஸ்தின்னு அதுக்கு ரெண்டு கோட்டு. சனிக்கிழமை பொழுதோட வாசச் செவுத்தை முடிச்சுட்டு எறங்கறப்ப, என் மீசையும் வெள்ளையா இருந்துச்சு. அப்படியே ஓடிப்போய் ஆன் பண்ணினேன்.

66.

நிசமாச் சொல்றேனுங்க, அழுகையே வந்துச்சு. இருபத்தாறு வருஷத்து மீசை. கண்ணாடி முன்னால நின்னு அதைத் தடவிக் குடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை சகலை பத்தரைக்கே வந்துட்டார், சம்சாரத்தோட. சோப்பு, பிரஷ், புது பிளேடு எல்லாத்தையும் ஒரு தாம்பாளத்துல அடுக்கி எடுத்துட்டு வந்திருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு வர்றவர் மாதிரி நடையைப் பாக்கோணுமே!

"நான் குளிச்சுட்டு வந்தர்றேன்"னேன். சாகப்போறவன் குளிச்சுட்டுப் போகட்டுமேன்னுதான்.

"குளிச்சுட்டு வாங்க. அக்காளும் மாமாவும் முன்னாடி உக்காந்து காப்பி குடிக்கட்டும். அதுக்குள்ள நான் மெஷினுக்குப் பொட்டு வெச்சு, ஊதுபத்தி காட்டிப்போடறேனுங்க"ன்னா பொற்கொடி.

வந்து உக்காந்தேன். சகலை பக்கத்துல நின்னு பிளேடைப் பிரிச்சார். பொத்தானை அமுக்கினேன். கண்ணை மூடிக்கிட்டேன்.

"அட!" சகலையோட குரல்.

கண்ணைத் தொறந்தேன். திரையில 100!

நூறுங்க, நூறு! நாற்காலி மேல ஏறி நின்னுட்டேன். மீசையை ரெண்டு பக்கமும் முறுக்கினேன். நூத்தி அறுபத்தாறு எங்கேன்னு கேக்கக்கூடத் தோணலை. பொழைச்சதே பெருசு!

"எப்படிங்க சகலை?" சகலை குரல்ல ஸ்ருதியே இல்லை.

"ஒட்டடை, கரண்டு, வெள்ளை!" நான் விரலை நீட்டி அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். "செவுரு வெளுத்தாச் சூடு போகும். சூடு போனா மெமரி பறக்கும். இது புஸ்தகத்துல இருக்காதுங்க, அனுபவம்."

"என்னுதுகூட நூறு போகுங்களா?"

"ஊடு பூரா அடிங்க. ஒரு செவுரு உடக்கூடாது!"

சகலை தாம்பாளத்தை மூடினார். சாப்பிட்ட கையோட சுண்ணாம்பு வாங்கக் கெளம்பிட்டார். அவரோட சம்சாரம் நம்ம பொற்கொடியோட கையைப் புடிச்சுட்டு உடவே இல்லை. கண்ணுல தண்ணியே வந்துருச்சு அந்தம்மாளுக்கு. தங்கச்சி புருஷன் ஜெயிச்சதுல எத்தனை சந்தோஷம்னு எனக்கே நெஞ்சு விம்மிப்போச்சு.

அவங்க பஸ் ஏறின பத்தாவது நிமிஷம் போன் அடிச்சுது.

"சார், பிரான்சிஸ் பேசறேன். நூறு வந்திருச்சுங்களா?"

"வந்திருச்சே! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திங்கக்கிழமையே கூப்பிட்டேனுங்களே. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. பொற்கொடியக்காதான் பேசினாங்க. சார் ஏதாச்சும் சொருகினாரான்னு கேட்டேன். பச்சையா ஒண்ணு சொருகினாரு, அப்புறம் அறுபத்தாறுதான் காட்டுதுன்னாங்க. அந்த அறுபத்தாறைக் கழட்டிப்போட்டாச் சரியாப்போகும்னு சொல்லிவெச்சேன். ரெண்டு வேகத்துல ரெண்டைப் போட்டா, மெதுவா ஓடறது எதுவோ அந்த வேகத்துக்குத்தானுங்க ரெண்டும் ஓடும்."

போனை வெச்சேன். பொற்கொடி வெள்ளைவெளேர்னு இருந்த செவுத்துல காலண்டர் மாட்டிட்டு இருந்தா.

"ஏம்புள்ள, உனக்குத் திங்கக்கிழமையே தெரியுமா?"

"தெரியுமுங்க. நீங்களும் நானும் மருதமலை படி ஏறறப்ப யாரு வேகத்துலங்க ஏறறோம்? எனக்கு உடனே வெளங்கிப்போச்சு."

"ஊதுபத்தி காட்டறப்பக் கழட்டினயா?"

"பழசாத் தெரிஞ்ச பட்டைக்கு ரெண்டு பக்கமும் இருந்த வெள்ளைக் காதைத் தள்ளினேனுங்க, தானா எந்திரிச்சு வந்துருச்சு."

"அடிப்பாவி! ஆறு நாளு! பின்ன ஏன் தூசுன்னே?"

"இருக்குமோன்னுதானுங்க கேட்டேன். நீங்கதான் புடிச்சுக்கிட்டீங்க. அத்தனை ஆசையாச் செஞ்சுட்டு இருக்கறவங்களை நடுவுல தடுத்தா மரியாதைங்களா?"

"உங்க அக்காளுக்கும் தெரியுமா?"

"சமையக்கட்டுல சொன்னேனுங்க. மாமாகிட்டச் சொல்லமாட்டா. அவங்க ஊட்டுல வெள்ளையடிச்சு எட்டு வருஷமாச்சுங்க."

விஷயம் அன்னூருக்குப் போச்சுன்னா மீசை மட்டுமில்லை, ஒரு காதுகுத்துக்குக்கூட நான் தலை காட்ட முடியாது. கையைப் புடிச்சுக் கெஞ்சினேன். "அம்மணி, சகலைக்கு மட்டும் தெரியவேண்டாம். உன் வாயால ஒரு வார்த்தை..."

"நான் ஏனுங்க சொல்றேன்?"ன்னா பொற்கொடி, வாளியையும் தொடப்பத்தையும் என் பக்கமாத் தள்ளி வெச்சுக்கிட்டே. "நீங்க சித்தே மாடிக்குப் போய் அந்தத் தண்ணித் தொட்டியைக் கழுவி உட்டுட்டு வந்தீங்கன்னா, எனக்கே மறந்துபோயிருமுங்க."